தார் என்று நாம் சொல்வது எது?



இன்றைய பேச்சு நாம் அன்றாடம் மிதித்து நடக்கும் ஒரு பொருளைப் பற்றியது. நம் வீட்டு வாசலில் தொடங்கும் செம்மண் சாலை, பெரிய சாலையைத் தொட்டதும் கறுப்பாகிவிடுகிறது. அந்தக் கறுப்புக்கு என்ன பெயர் என்று வகுப்பில் கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "தார், சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லால் ஒரு தோட்டமே ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர் தூரம். முழுவதும் செம்மண். மழைக்காலத்தில் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். ஒருநாள் இரவு, பிள்ளைப்பேற்று வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வேன் பாதி வழியில் சேற்றில் புதைந்துவிட்டது. நான்கு ஆடவர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டே பெரிய சாலை வரை நடந்தார்கள். தாயும் சேயும் பிழைத்தது நம் நல்ல காலம். மறுநாளே எல்லாரும் கூடி, சாலை கேட்டு மனு எழுதச் சொன்னார்கள். எழுதியவன் நான்தான். "எங்கள் தோட்டத்துக்குத் தார்ச் சாலை அமைத்துத் தரவேண்டும்" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சாலையும் வந்தது. பளபளவென்று கறுப்பாக இருந்தது. தேங்காய் உடைத்தோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்று இடங்களில் கறுப்புத் தோல் உரிந்து, அடியிலிருந்த செம்மண் பல்லிளித்தது. குத்தகையாளர்மேல் எனக்குக் கடுங்கோபம். அப்போது, சாலை வேலையிலேயே தம் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரே, நீங்க கேட்டது தாரு. அவன் ஊத்துனதும் தாரு. இதுல யாரு மேல குத்தம்?"

"பிறகு என்ன கேட்டிருக்க வேண்டும், ஐயா?" என்றேன். அன்று அவர் காட்டிய வழியில் நான் தேடிக் கற்றதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நேயர்களே, தார் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உண்மையான தார். இரண்டாவது, பிட்டுமென் எனப்படும் நிலக்கீல். மூன்றாவது, அஸ்பால்ட் எனப்படும் நிலக்கீல் கலவை. நம் நாட்டில் இந்த மூன்றாவதைச் சாலை வேலைக்காரர்கள் பிரிமிக்ஸ் என்று அழைக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வருவது. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுக் கடுமையாகச் சூடேற்றினால் எரிவாயு வெளியேறும், கல்கரி மிஞ்சும், அவற்றோடு கறுத்த, நெடி மிகுந்த ஒரு குழம்பும் கிடைக்கும். அந்தக் குழம்புதான் தார். ஒரு காலத்தில் இங்கிலாந்து நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. ஆகவே தார் மலிவாகக் கிடைத்தது. 1901-ஆம் ஆண்டு ஹூலி என்ற பொறியாளர், சாலையில் கொட்டிப்போன தாரின்மேல் யாரோ இரும்பாலைக் கசடைப் பரப்பியிருந்ததையும், அந்த இடம் மட்டும் தூசி எழாமல் கெட்டியாக இருந்ததையும் கண்டார். மறு ஆண்டே அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'டார்மாக்' என்ற பெயர் அப்படிப் பிறந்தது. பின்னர் நிலக்கரி வாயுவின் காலம் மறைந்தது. தாரின் இடத்தை நிலக்கீல் பிடித்துக்கொண்டது. பொருள் மாறிய பிறகும் பழைய பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

தார் சாலையிலிருந்து விலகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உடலுக்குக் கேடானது. 1915-ஆம் ஆண்டில் யமகிவா, இச்சிகாவா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள், முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோய் உண்டாவதைக் காட்டினார்கள். எனவே, தாரில் பிறந்த கிரியோசோட் எண்ணெய் ஊறிய பழைய மரக் கம்பங்களை வெட்டி அடுப்பெரிக்காதீர்கள். அந்தப் புகை வீட்டுக்குள் வரவேண்டாம்.

இனி நிலக்கீலுக்கு வருவோம். கீல் என்பது பழைய தமிழ்ச் சொல். மரக்கலங்களின் பலகைச் சந்துகளில் நீர் புகாமல் பூசும் பிசினுக்கு அந்தப் பெயர். நிலத்தடியிலிருந்து வருவதால் இது நிலக்கீல். கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில் சூடேற்றும்போது, இலேசான பொருள்கள் ஆவியாக மேலே போகும். சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். எதற்கும் ஆவியாகாமல் அடியில் தங்கும் கனத்த பொருள்தான் நிலக்கீல். எல்லா எண்ணெயிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. நம் நாட்டுக் கடலடியில் எடுக்கும் தாப்பிஸ் எண்ணெய் இலேசானது. அதில் நிலக்கீல் குறைவு. கனமான எண்ணெயில்தான் மிகுதியாகக் கிடைக்கும்.

இது புதிய பொருளும் அன்று. சிந்துவெளியின் மொகஞ்சதாரோ நகரில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கட்டிய பெருங்குளத்தில், நீர் கசியாமலிருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டில், ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில் இயற்கையான நிலக்கீல் ஏரியே இருக்கிறது. அதன்மேல் பெரும்பாலான இடங்களில் மனிதர் நடந்துபோகலாம்.

நடந்துபோகலாம் என்றால் அது திடப்பொருளா? அதுதான் இப்பொருளின் விந்தை. கீல் பார்ப்பதற்குக் கல்; உண்மையில் மிக மிக மெதுவாக ஓடும் குழம்பு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ஆம் ஆண்டு ஒரு பேராசிரியர் இத்தகைய கீலைப் புனலில் ஊற்றிவைத்தார். 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரை விழுந்தவை ஒன்பதே துளிகள். சுத்தியலால் அடித்தால் அந்தக் கீல் கண்ணாடிபோல் உடையும், விட்டுவைத்தால் ஒழுகும்.

நிலக்கீலின் இந்தக் குணத்தை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. 25 டிகிரி சூட்டில் இருக்கும் நிலக்கீலின்மேல், மொத்தம் 100 கிராம் எடையுள்ள ஓர் ஊசியை ஐந்து விநாடி இறங்க விடுவார்கள். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை ஓர் அலகாக வைத்து, ஊசி எவ்வளவு இறங்கியது என்று கணக்கிடுவார்கள். 8 முதல் 10 மில்லிமீட்டர் இறங்கினால் அது 80/100 என்ற வகை. 6 முதல் 7 மில்லிமீட்டர் மட்டும் இறங்கினால் 60/70 என்ற கெட்டியான வகை. நம்மைப்போன்ற வெயில் நாட்டில், நண்பகலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடக்கூடும். பாரம் மிகுந்த லோரி ஓடும் சாலைக்குக் கெட்டியான வகை ஏற்றது. இல்லாவிட்டால் சக்கரம் ஓடும் இடமெல்லாம் பள்ளமாகிவிடும்.

ஆனால் நேயர்களே, நிலக்கீல் மட்டும் சாலையாகாது. அது பசை. பசையை மட்டும் ஊற்றி அதன்மேல் லோரி ஓட்ட முடியுமா? இங்கேதான் மூன்றாவது பொருள் வருகிறது.

தாய்மார்களே, தீபாவளிக்குக் கடலை உருண்டை பிடிக்கிறீர்கள் அல்லவா? வெல்லப்பாகு காய்ச்சுகிறீர்கள், வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறுகிறீர்கள், சூடு ஆறுவதற்குள் கை பொறுக்கப் பொறுக்க உருட்டுகிறீர்கள். பாகுதான் நிலக்கீல். கடலைதான் கருங்கல் சல்லி. உருண்டைதான் அஸ்பால்ட். இந்த இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியாது. நிலக்கீல் என்பது ஒரு சேர்மானம்; அஸ்பால்ட் என்பது சேர்த்துச் செய்த பண்டம்.

அளவையும் பாருங்கள். 100 கிலோ அஸ்பால்ட்டில் நிலக்கீல் சுமார் 5 கிலோதான். மீதி 95 கிலோவும் பெரிதும் சிறிதுமான சல்லியும், மணலும், கல்தூளும். பெரிய கற்களின் சந்தைச் சிறிய கற்கள் அடைக்கும். அவற்றின் சந்தை மணலும் தூளும் அடைக்கும். எல்லாவற்றையும் நிலக்கீல் பிணைக்கும். லோரியின் பாரத்தைத் தாங்குவது கல். கல்லைக் கலையாமல் பிடித்திருப்பது நிலக்கீல். பாகு மிகுந்தால் உருண்டை கையில் ஒட்டி இளகும். சாலையும் வெயிலில் கசிந்து வழுக்கும். பாகு குறைந்தால் உருண்டை உதிரும். சாலையும் கல் கல்லாகப் பெயரும்.

இன்னும் இரண்டு ஒற்றுமைகள் உண்டு. கடலை ஈரமாக இருந்தால் பாகு ஒட்டாது. அதனால் ஆலையில் சல்லியை முதலில் நன்றாகச் சூடேற்றி உலர்த்திவிட்டே, 150 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் நிலக்கீலுடன் கலக்கிறார்கள். ஆறிய பாகை உருட்ட முடியாது. அதனால் கலவையை லோரியில் மூடிக்கொண்டுவந்து, சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் உருளை இயந்திரத்தால் அழுத்தி முடித்துவிட வேண்டும். மழையில் சாலை போடுவதைக் கண்டால், இந்தக் கடலை உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் தோட்டத்தில் நடந்தது என்ன? அங்கே அஸ்பால்ட் வரவேயில்லை. செம்மண்ணைச் சற்றே செதுக்கி, அதன்மேல் சூடான நிலக்கீலைத் தெளித்து, சிறு சல்லியைத் தூவி, உருளையை ஓட்டிவிட்டார்கள். இந்தத் தெளிப்பு முறை ஏமாற்று வேலையன்று. பல நாடுகளில் நாட்டுப்புறச் சாலைகளுக்கு இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். கெட்டியான அடித்தளத்தின்மேல், வண்டி குறைந்த சாலையில், இது நெடுநாள் உழைக்கும். ஆனால் இது ஒரு போர்வை, மெத்தையன்று.

இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை என்றால் 3,000 சதுர மீட்டர். தெளிப்பு முறையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் நிலக்கீல் போதும். மொத்தம் 3,000 முதல் 4,500 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய்க் கணக்கில் 15 முதல் 23 பீப்பாய். அதே சாலைக்கு 5 சென்டிமீட்டர் கனத்தில் அஸ்பால்ட் போட்டால் 150 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சுமார் 2.4 டன். ஆக 360 டன் கலவை வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால், நிலக்கீல் மட்டும் 18 டன். ஏறத்தாழ 90 பீப்பாய். செலவு எங்கே இருக்கிறது, உழைப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத்தான்.

எங்கள் சாலை கெட்டதற்கு உண்மைக் காரணம் கறுப்புக்கு அடியில் இருந்தது. இரு பக்கமும் கால்வாய் வெட்டவில்லை. சாலையின் நடுப்பகுதி உயர்ந்து, ஓரத்துக்கு ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்ற அளவில் சரிந்திருக்க வேண்டும், அப்படிச் செய்யவில்லை. மழைநீர் தேங்கியது. கல்லுக்கும் நிலக்கீலுக்கும் உள்ள பிடிப்பை நீர் மெல்ல மெல்லப் பிரித்துவிடும். அதிலும் கருங்கல் நீரை விரும்பும் கல். அடியிலிருந்த செம்மண் ஊறி இளகியபின், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஏறினால் போதும். போர்வை கிழிந்துவிடும். அந்தப் பெரியவர் சொன்னதும் அதையேதான்: "தண்ணிக்கு வழி விடாம ரோட்டுக்கு வழி விட்டா, தண்ணி ரோட்டுலதான் போகும்."

நம் முன்னோர் பலர் இந்நாட்டின் சாலை வேலையிலும் ரயில்பாதை வேலையிலும் உழைத்தவர்கள். இந்த அறிவு அவர்களிடம் இருந்தது. அதை எழுதிவைக்கத் தவறியவர்கள் படித்த நாம்தான்.

இரப்பர் தோட்டத்தாருக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. நீங்கள் மங்கிலிருந்து எடுக்கும் கட்டிப்பால் இப்போது சாலைக்கும் போகிறது. கட்டிப்பாலைப் பக்குவப்படுத்தி நிலக்கீலுடன் கலந்தால், நிலக்கீலுக்கு இழுத்தால் மீளும் தன்மை கூடுகிறது. வெயிலில் எளிதில் பள்ளம் விழுவதில்லை, வெடிப்பும் குறைகிறது. மலேசிய இரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் இதைச் சோதித்துச் சாலைகளில் பயன்படுத்தியிருக்கின்றன. 2019-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென நிதியும் ஒதுக்கப்பட்டது. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு நீங்கள் வெட்டிய மரத்தின் பால், ஏதோ ஒரு துறைமுகச் சாலையில் லோரியைத் தாங்கக்கூடும்.

இனி, பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் கேட்கவேண்டியது. சாலை வேலை நடக்கும்போது பிள்ளைகள் பீப்பாயைச் சுற்றி நிற்பார்கள். அனுமதிக்காதீர்கள். சூடான நிலக்கீலில் சிறிது நீர் விழுந்தாலும் ஆபத்து. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். பீப்பாய் பொங்கி வெளியே சீறும். அந்த நிலக்கீல் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும்.

பட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே அந்த இடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் பிடியுங்கள். ஒட்டியதை உரிக்காதீர்கள், தோலும் சேர்ந்து வந்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பற்பசை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். விரலையோ கையையோ சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஆற ஆற அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். வேலை முடிந்தபின் கிடக்கும் காலிப் பீப்பாயில் குடிநீர் பிடிக்காதீர்கள். அதைத் தீயிட்டுச் சுத்தம் செய்யவும் முயலாதீர்கள்.

இறுதியாக, எங்கள் சாலைக்கு வருகிறேன். இரண்டாவது மனுவை நான் தனியாக எழுதவில்லை. அந்தப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினேன். 'தார்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. நான்கு கேள்விகளை எழுதினோம். நீர் போக இரு பக்கமும் கால்வாய் உண்டா? அடித்தளத்தில் என்ன கல், எவ்வளவு கனம்? மேலே வருவது தெளிப்பா, பிரிமிக்ஸ் கலவையா. கலவை என்றால் அழுத்தியபின் எத்தனை சென்டிமீட்டர்? குலை லோரியின் எடையைக் கணக்கில் எடுத்தார்களா?

பதில் வர நாளாயிற்று. ஆனால் இம்முறை வந்தவர்கள் முதலில் கால்வாய் வெட்டினார்கள். பிறகு கல் பரப்பினார்கள். கறுப்பு கடைசியில்தான் வந்தது. பணம் முதல் ஒரு கிலோமீட்டருக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதி இரண்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் மட்டும் கிடைத்தது. ஆனால் கால்வாய் வந்தபின், அந்தச் செம்மண் பகுதியிலும் வேன் புதையவில்லை. வேன் புதைந்த அந்த இரவுக்கு வேண்டியிருந்தது முதலில் அந்தக் கால்வாய்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆகவே பெற்றோர்களே, நாளை உங்கள் தோட்டத்துக்கும் சாலை வரும் என்று யாராவது சொன்னால், மகிழுங்கள். கூடவே இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவனையோ எழுதத் தெரிந்தவளையோ மனு எழுதச் சொல்லுங்கள். பொருளின் பெயரைச் சரியாக எழுதினால்தான், கேட்ட பொருள் கிடைத்ததா என்று பின்னால் சரிபார்க்க முடியும்.